பேச ஒன்று, எழுத ஒன்று

2000-களின் தொடக்கத்தில் சில வருடங்கள் நான் இரண்டு கருவிகளோடு அலைந்தேன். சட்டைப்பையில் நாட்குறிப்பும் முகவரிகளும் வைத்துக்கொள்ளும் கையடக்கக் கணினி, பேன்ட் பையில் பேசுவதற்கான கைபேசி. இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர், தனித்தனி உறை. ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் அவர் எண்ணை ஒன்றில் தேடி மற்றொன்றில் அழுத்த வேண்டும். கடைசி இலக்கங்களுக்கு வருவதற்குள் மறந்துபோய், மறுபடி முதல் கருவியை எட்டிப் பார்க்க வேண்டும். "ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா என்ன?" என்று அப்போது கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன். ஒன்றாக்கிய கருவிகள் வரத் தொடங்கியதும் வாங்கியும் பார்த்தேன். கொஞ்ச நாளில் திரும்ப இரண்டுக்கே போனேன். அப்புறம் வெகு தாமதமாகத்தான் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன்.

ஏன் இப்படிப் போய்ப்போய் வந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. அந்தக் காலக் கூட்டுக் கருவிகளைப் பற்றி இப்போது எழுதப்படுவதெல்லாம், இன்றைய ஸ்மார்ட்போனுக்கு ஏறிவந்த படிக்கட்டு என்ற கணக்கில்தான் இருக்கிறது. கையில் வைத்துப் புழங்கிய எங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு பேரமாக இருந்தது. எதையோ கொடுத்துத்தான் எதையோ வாங்கினோம். கொடுத்தது என்ன என்பது பல நேரம் வாங்கிய பிறகே தெரிந்தது.

முதலில் தனிக் கையடக்கக் கணினி என்ன தந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1996-இல் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் வெளியிட்ட பைலட்தான் அந்த வகைக்கே அச்சு வார்த்த கருவி. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, அதில் எழுதுவது போலப் பாவனை செய்து பார்ப்பார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு அந்தக் கட்டைதான் அளவுகோல். பைலட் 1000-இல் நினைவகம் 128 கிலோபைட். திரை 160-க்கு 160 புள்ளிகள், வண்ணம் கிடையாது. எழுத்தாணியால் கிராஃபிட்டி என்ற சுருக்க எழுத்து முறையில் எழுத வேண்டும். ஆங்கில 'ஏ'-க்குக் குறுக்குக்கோடு வேண்டாம், கூரை போல இரண்டு கோடு இழுத்தால் போதும். அரை நாளில் பழகிவிடும். இரண்டு ஏஏஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். பொத்தானை அழுத்திய அந்த நொடியே நாட்குறிப்பு கண்முன் நிற்கும். இன்றைய எந்தக் கருவியும் எனக்கு அந்த நிம்மதியைத் தரவில்லை என்று மனதாரச் சொல்வேன்.

அது வாரக்கணக்கில் ஓடியதன் ரகசியம் தூக்கம். நாம் தொடாத நேரமெல்லாம் உள்ளே இருக்கும் செயலி உறங்கும். எழுத்தாணி பட்டதும் விழிக்கும், வேலை முடிந்ததும் மறுபடி படுத்துவிடும். கைபேசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் பேசாமல் இருந்தாலும், அழைப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை எழுந்து டவரின் பக்கம் காது கொடுத்தே ஆக வேண்டும். டவர் தூரமாக இருந்தால் உரக்கப் பேச வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் வகைக் கைபேசி, அலை அனுப்பும் கணங்களில் 2 வாட் வரை போகும். சிக்னலே இல்லாத இடம் என்றால் இன்னும் மோசம், டவரைத் தேடித் தேடியே களைத்துவிடும். நாட்குறிப்புக்கு வேண்டியது சோளப்பொரி, கைபேசிக்கோ யானைப் பசி. இரண்டையும் ஒரே பேட்டரியில் கட்டிவைத்தால் பட்டினி கிடப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் முதல் கருவியிலேயே பளிச்சென்று தெரிந்தது. ஐபிஎம் உருவாக்கி, பெல்சவுத் நிறுவனம் 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய சைமனைத்தான் பலரும் முதல் ஸ்மார்ட்போன் என்கிறார்கள். தொடுதிரை, நாட்காட்டி, முகவரிப் புத்தகம், மின்னஞ்சல், ஃபேக்ஸ் எல்லாம் அதில் உண்டு. எடை 510 கிராம். பேசினால் ஒரு மணி நேரம், பேசாமல் சும்மா வைத்திருந்தால் எட்டு மணி நேரம். காலையில் எடுத்துப் போனால் வீடு திரும்புவதற்குள் முகவரிப் புத்தகமும் சேர்ந்து அணைந்துவிடும். ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்றன. 1995 பிப்ரவரியில் விற்பனை நின்றது. சைமனை உருவாக்கியவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் கண்ட கனவில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதைத் தாங்கும் பேட்டரி அப்போது பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

1996-இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வேறு வழியில் போனது. மூடியிருக்கும்போது தடித்த கைபேசி. நீளவாக்கில் திறந்தால் உள்ளே அகலமான திரையும் முழு விசைப்பலகையும். இன்டெல் 386 செயலி, 8 மெகாபைட் நினைவகம், எடை 397 கிராம். இரண்டு கருவிகளைக் கரைத்து ஒன்றாக்காமல், முதுகோடு முதுகு வைத்துக் கீல் போட்டுச் சேர்த்த வேலை அது. பலர் அதைப் பார்த்துச் செங்கல் என்றார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. பேசுவதற்கு ஒரு முகம், எழுதுவதற்கு ஒரு முகம் என்று இரண்டையும் அதனதன் வடிவத்திலேயே விட்டுவைத்தார்கள். அதற்கான விலையை எடையில் கொடுத்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான் வாங்கிய முதல் கூட்டுக் கருவி பார்க்க அழகாக இருந்தது. பெரிய வண்ணத் திரை. பெயரைத் தொட்டால் அழைப்பு போகும். முதல் வாரம் அந்த ஒன்றுக்காகவே யார் யாரையோ கூப்பிட்டுப் பேசினேன். அந்தக் காலத்துக் கையடக்கக் கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு இருந்த ஒரு குணம் இதற்கும் இருந்தது. நாம் எழுதியதெல்லாம் ரேமில்தான் இருக்கும், அதாவது மின்சாரம் ஓடும்வரைதான் உயிரோடு இருக்கும். தனிக் கருவியில் அது பெரிய ஆபத்து இல்லை. வாரக்கணக்கில் ஓடும் பேட்டரி, தீரப்போகிறது என்று பல நாள் முன்னதாகவே எச்சரிக்கும். கூட்டுக் கருவியில் நிலைமை வேறு.

பெரியப்பா எங்கள் குடும்பத்துப் பழைய கதைகளை மூன்று மாலை உட்கார்ந்து சொன்னார். யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த வருடம் எங்கே போனார், யாருக்கு யார் கடன் கொடுத்து உதவினார் என்று எல்லாம். எழுத்தாணியால் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். அதை வீட்டுக் கணினிக்கு மாற்றுவதற்குள் ஒரு பயணம் வந்துவிட்டது. சார்ஜரை எடுத்துவைக்க மறந்தேன். போன இடத்தில் சிக்னல் சரியில்லை, கருவி டவரைத் தேடியே முதல் நாள் மாலைக்குள் தீர்ந்து அணைந்தது. சரி, திரும்பிப் போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிட்டேன். அணைந்த பிறகும் நினைவகத்தைக் காப்பாற்றக் கொஞ்சம் மின்சாரத்தை ஒதுக்கி வைத்திருக்கும் கருவி அது. அந்தக் கொஞ்சமும் நான் திரும்புவதற்குள் தீர்ந்திருந்தது. சார்ஜில் போட்டதும் திரையில் ஒரு கூட்டல் குறி வந்தது. 'குறியின் நடுவில் எழுத்தாணியால் தொடவும்.' புதிதாக வாங்கிப் பெட்டியைப் பிரித்த அன்று கேட்ட அதே கேள்வி. அதைப் பார்த்ததுமே எல்லாம் போய்விட்டது என்று புரிந்தது.

பெரியப்பாவிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். "அன்னைக்குதான் எல்லாம் சொன்னேனேப்பா" என்றார். கோபமில்லை, களைப்பு. திரும்பச் சொன்னார், ஆனால் முதல் தடவை சொன்ன ஓட்டம் வரவில்லை. பாதிப் பெயர்கள் வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கைபேசி அணைந்தால் இழப்பது சில அழைப்புகள். கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுவார். குறிப்பேடு அழிந்தால் இழப்பது திரும்பக் கிடைக்காதது. ஒன்று சாகலாம், மற்றொன்று சாகவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே உயிரில் கட்டியதுதான் அந்தக் காலக் கூட்டுக் கருவிகளின் மூலக்கோளாறு என்று இன்றும் நினைக்கிறேன். திரை சிறியதா, எடை அதிகமா, கேமரா உண்டா என்று அப்போது நடந்த விவாதங்களில் இதைப் பேசியவர்கள் குறைவு. பேட்டரி பாதியான உடனே கைபேசிப் பகுதி தானாக ஒதுங்கிக்கொண்டு மீதியைக் குறிப்பேட்டுக்கு விட்டுக்கொடுத்திருந்தால்கூட என் எழுத்து தப்பியிருக்கும்.

இதே கட்டு இன்னொரு வகையிலும் இறுக்கியது. கைபேசி என்பது நம்முடையது போலத் தெரிந்தாலும் பாதி தொலைபேசி நிறுவனத்துடையது. ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக அன்று இருந்த சிடிஎம்ஏ வகை வலைப்பின்னல்களில் பெரும்பாலும் சிம் அட்டையே இருக்காது, எந்த நிறுவனத்துக்கென்று வாங்கினோமோ அதோடுதான் கருவி ஓடும். நிறுவனத்தை மாற்றினால் கருவியை மாற்ற வேண்டும். கருவியை மாற்றினால் நாட்குறிப்பையும் மாற்ற வேண்டும். வயதும் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. பழைய அனலாக் போய் ஜிஎஸ்எம், பிறகு இணையத் தரவுக்கான ஜிபிஆர்எஸ், பிறகு மூன்றாம் தலைமுறை என்று கைபேசி சில வருடங்களிலேயே கிழடாகிவிடும். கையடக்கக் கணினி அப்படியில்லை: 1997-இல் வந்த சையான் சீரிஸ் 5-இல் இரண்டு ஏஏ பேட்டரி போட்டு இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சைமன் ஓடிய அனலாக் வலைப்பின்னல்களை அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2008-இல் அணைத்துவிட்டன. யாரிடமாவது நல்ல நிலையில் சைமன் இருந்தாலும் அதில் ஒரு அழைப்புகூடப் போகாது.

அடுத்தது கை. இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். கையடக்கக் கணினி இரண்டு கை கேட்கும் கருவி. இடது கையில் ஏந்தி, வலது கையில் எழுத்தாணி பிடிக்க வேண்டும். உட்கார்ந்தோ, ஓரமாக நின்றோ செய்கிற காரியம். கைபேசி ஒரு கைக் கருவி. நடந்துகொண்டே, இன்னொரு கையில் பையோ குழந்தையோ இருக்கும்போது, பார்க்காமலே கட்டைவிரலால் இயக்க வேண்டும். இரண்டையும் சேர்க்கிற எவரும் முதலில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: ஒரு கையா, இரு கையா?

பதில்கள் விதவிதமாக வந்தன. எரிக்சன் 2000-இல் கொண்டுவந்த ஆர்380-இல் எண் விசைகள் கொண்ட மூடி, அதைத் திறந்தால் அகலத் திரை. சோனி எரிக்சன் பி800-இல் அந்த மூடி இன்னும் சுவாரசியமானது. விசைகளுக்கென்று தனி மின்சுற்று கிடையாது. விசையை அழுத்தினால் அது அடியிலிருக்கும் தொடுதிரையைப் போய் அழுத்தும். வேண்டாமென்றால் மூடியையே கழற்றிவிட்டு முழுத் திரையோடு புழங்கலாம். அதை யோசித்த பொறியாளரை நேரில் பார்த்தால் கை கொடுப்பேன். ஆர்380-இல் இன்னொரு பேரம் இருந்தது. கைபேசி என்ற அளவில் அது 164 கிராம்தான், கச்சிதமானது. ஆனால் வெளியார் எழுதிய மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. கைபேசியைக் காப்பாற்றிக்கொண்டு கணினியைக் கைவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் ஓடிய பாக்கெட் பிசி வகைக் கருவிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. பெரிய திரை, நிறைய மென்பொருள், எல்லாம் சரி. அவசரமாக ஒரு அழைப்பை எடுக்க மட்டும் எழுத்தாணியைத் தேட வேண்டியிருந்தது.

ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் இதில் கண்ட பாதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை நடத்தியவர்களில் ஹாக்கின்ஸும் ஒருவர். முதலில் வைசர் என்ற கையடக்கக் கணினியின் முதுகில் செருகும்படி வைசர்போன் என்று ஒரு துண்டை விற்றார்கள். வேண்டும்போது கைபேசி, கழற்றினால் வெறும் கணினி. கேட்க இனிமையான யோசனை, கையில் பிடித்தால் தடிமன். 2002-இல் ட்ரியோ 180 வந்தது. அதை இரண்டு வகையாக விற்றார்கள்: ஒன்றில் கட்டைவிரலால் அழுத்தும் சிறிய விசைப்பலகை, மற்றொன்றில் பழைய கிராஃபிட்டி எழுத்து. அடுத்து வந்த ட்ரியோக்களில் விசைப்பலகைதான் நிலைத்தது. கிராஃபிட்டி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கூட்டத்தின் நடுவே சத்தமில்லாமல், திரையைப் பார்க்காமல்கூட அதில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த முடிவு சரியானது. ட்ரியோ 600-இல், 2003-இல், திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே ஐந்து திசைப் பொத்தான் ஒன்றை வைத்தார்கள். எழுத்தாணியை உருவாமலே, ஒரு கட்டைவிரலால் நாட்காட்டி, முகவரி, அழைப்பு எல்லாவற்றுக்கும் போய்வர முடிந்தது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மூன்றை அழுத்தினால் ஆள் கிடைத்துவிடுவார். தலையில் ஒரு சின்ன நகர்த்தி, அதைத் தள்ளினால் சத்தமெல்லாம் அடங்கும். மெனுவுக்குள் போக வேண்டாம். நாள் முழுக்கக் கைபேசியோடு வாழ்ந்து பார்த்தவர்கள் செய்த வேலை அது என்று ஒவ்வொரு மூலையிலும் தெரியும்.

சரி, அப்படியானால் இரண்டு கருவியோடு இருந்தவர்கள் பிடிவாதக்காரர்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த எழுத்து அழிந்த பிறகு நானும் அவர்களோடு சேர்ந்தேன். இரண்டையும் பேசவைக்க முதலில் இருந்தது இன்ஃப்ராரெட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. கைபேசியையும் கணினியையும் மேசையில் எதிரெதிராக வைத்து, இரண்டின் கறுப்புக் கண்ணாடிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி நேராக்கி, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் மின்னஞ்சலை இறக்க வேண்டும். ஓடும் ரயிலில் ஒரு குலுக்கல் போதும், இணைப்பு அறுந்துவிடும். ப்ளூடூத் வந்ததும் அந்தத் தொல்லை போனது. எரிக்சன் டி68 போன்ற கைபேசி பையிலேயே கிடக்கும். பைலட்டின் வழிவந்த பாம் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட டங்ஸ்டன் டி என்ற கையடக்கக் கணினி கையில் இருக்கும். பெயரைத் தொட்டால் பையிலிருக்கும் கைபேசி அழைக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று பிழைக்கும். கைபேசி பழசானால் அதை மட்டும் மாற்றலாம். கொள்கையளவில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

நடைமுறையில் அதைத் தோற்கடித்தது பழக்கம். வேலை நாளில் இரண்டும் கூடவே வரும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது? கைபேசியை மறக்க மாட்டோம், கணினியை மேசையிலேயே விட்டுவிடுவோம். நல்ல யோசனைகளும் மறக்கக்கூடாத தேதிகளும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். எழுதிக்கொள்ள ஏட்டைக் கையில் கொண்டுவந்தால்தானே? கைபேசியில் ஒட்டியிருக்கும் சுமாரான குறிப்பேடு, வீட்டிலிருக்கும் அருமையான குறிப்பேட்டைவிட அதிகம் உதவியது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2004 இறுதியில் ட்ரியோ 650 வந்தபோது மனம் முழுதாகச் சாய்ந்தது. திரை கூர்மையானது என்பதைவிட முக்கியமான மாற்றம் உள்ளே இருந்தது. மின்சாரம் போனாலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகத்தில் எல்லாம் எழுதப்பட்டது. முந்தைய 600-இல் பேட்டரி உள்ளேயே மூடியிருந்தது, இதில் கழற்றி மாற்றலாம். பேட்டரியைக் கையில் எடுத்து வைத்துவிட்டு மறுபடி போட்டாலும் குறிப்பு அப்படியே இருக்கும். அங்கேயும் பேரம் இருந்தது. புதிய நினைவகம் சிறு சிறு குறிப்புகளுக்கும் குறைந்தபட்சமாக ஒரு அளவு இடத்தை ஒதுக்கியதால், பழைய கருவியில் அடங்கிய அதே தரவு இதில் அதிக இடம் பிடித்தது. சிலருக்குப் பழையதை முழுதாகக் கொண்டுவரவே முடியவில்லை. அதனால் கோபப்பட்டவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்டது ஒன்றுதான், கைபேசி செத்தாலும் குறிப்பேடு சாகக்கூடாது. அது கிடைத்ததும் இரண்டாவது கருவியை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

தீராத ஒன்று மட்டும் இருக்கிறது. 2002-இல் வந்த பிளாக்பெர்ரி 5810-இல் பேச வேண்டுமென்றால் காதுக்கு ஹெட்செட் மாட்டியே ஆக வேண்டும், கருவியைக் காதில் வைத்துப் பேச முடியாது. அதைக் குறை என்று எல்லாரும் சொன்னார்கள். குறைதான். ஆனால் பேசும்போது திரை கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோக்கியா 9000-ஐத் திறந்துவைத்தாலும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே எழுதலாம். இரண்டு கருவிக்காரர்களுக்கோ கேள்வியே இல்லை, ஒன்று காதில், ஒன்று உள்ளங்கையில். எந்தத் தேதி வசதி என்று அந்தப் பக்கம் கேட்டால், கேட்ட மூச்சிலேயே பதில் சொல்லலாம். காதில் வைக்கும் கருவியிலேயே நாட்காட்டியும் இருந்தால் அது முடியாது, காதும் கண்ணும் ஒரே பொருளுக்குச் சண்டை போடும். போன வாரம்கூட ஒருவர் கூப்பிட்டு, செவ்வாயா புதனா என்று கேட்டார். "ஒரு நிமிஷம் சார், பாத்துச் சொல்றேன்" என்று காதிலிருந்து எடுத்து நாட்காட்டியைத் திறந்தேன். விரலால் வாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் சின்னதாக "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.